விருந்தினர் நாற்காலி: முல்லைத்தீவில் நடந்த ஒரு குறும்பட விழா பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆறரை மணிக்குத் தொடங்க வேண்டிய படம் எட்டே காலுக்குத்தான் தொடங்கியது. அதுவரை மேடையில் நடந்தது முழுக்கப் பேச்சு. மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, சிறப்பு விருந்தினர் உரை, பிரதம விருந்தினர் உரை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பொன்னாடையும் மாலையும். பின்வரிசையில் அம்மாமாரின் மடியில் பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒட்டுசுட்டான் பொடியள் நாலு பேர் எட்டு மணிக்கு முன்பே எழும்பிப் போனார்கள். அன்று முதலாவதாகக் காட்டப்பட்ட படத்தை இயக்கியவன் அந்த நாலு பேரில் ஒருவன்.

விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்த ஒன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு நானும் பதில் சொல்ல வேண்டியவன். வன்னியில் இப்படியான விழாக்களை நடத்த இன்னும் பல இளைஞர் கழகங்கள் யோசித்துக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு உதவும் என்பதால் மூன்று நாளும் நடந்ததை எழுதிவைக்கிறேன். படத்தெரிவு, நிதி, விருது ஆகியவற்றை இங்கே எடுக்கவில்லை. வெளியிலிருந்து வந்த கலைஞர்களும் உள்ளூரில் இருந்த கலைஞர்களும் எங்கள் பிள்ளைகளோடு என்ன கதைத்தார்கள், அதில் எது பிள்ளைகளிடம் தங்கியது என்பதுதான் விஷயம்.

ஏன் இங்கே

முள்ளியவளைப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபத்தில், ஆவணி மாதத்தில் வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை விழா நடந்தது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் மாவட்டங்களிலிருந்து வந்த 14 குறும்படங்கள். எடுத்தவர்களில் அநேகமானோர் 2009 இல் கைக்குழந்தைகளாகவோ, பாலர் வகுப்புப் பிள்ளைகளாகவோ செட்டிகுளத்தில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களில் இருந்தவர்கள். ஒரு படத்தைத் தவிர மற்றவை எல்லாம் போனில் எடுக்கப்பட்டவை. அந்த ஒன்று கலியாண வீடியோ எடுக்கும் கடையொன்றின் கமெராவை இரவல் வாங்கி எடுத்தது.

யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேச சினிமா விழா நடந்து வருகிறது. அங்கே போய் வந்த பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள். ஆனால் முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் 100 கிலோமீற்றருக்கு மேல். இரவுக் காட்சியும் அதன் பின் நடக்கும் கலந்துரையாடலும் முடியும் நேரத்தில் திரும்பி வர பஸ் இல்லை. தங்க இடம் வேண்டும், தங்கினால் காசு வேண்டும், பெண் பிள்ளை என்றால் கூடப்போக ஓர் ஆள் வேண்டும். அப்படிப் போன ஒரு தங்கச்சி, படத்தை மட்டும் பார்த்துவிட்டு இயக்குநர் மேடைக்கு வருவதற்குள் வெளிக்கிட வேண்டியதாகப் போனதாகச் சொன்னாள். எங்கள் ஊரில் ஒரு விழா வேண்டும் என்ற பேச்சு அவளுடைய அந்தக் கதையிலிருந்துதான் தொடங்கியது. ஆகவே விருந்தினர் அமர்வுதான் இந்த விழாவின் வேர். அதைத்தான் முதல் நாள் பிழையாக நடத்தினோம்.

யாரை அழைத்தோம்

பெயரைப் பார்த்து அழைத்தோம். சுவரொட்டியில் போட்டால் சனம் வரும், அனுசரணையாளர் காசு தருவார் என்று நினைத்தோம். கொழும்பிலிருந்து ஒரு மூத்த இயக்குநர், ஒரு ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பு செய்யும் ஒரு அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஒலிப்பதிவாளர். வெளிநாட்டில் வாழும் ஒரு ஆவணப்பட இயக்குநர், சொந்தச் செலவில் வந்தவர். இந்த ஐந்து பேரின் படமும் சுவரொட்டியில் பெரிதாக இருந்தது. கீழே சிறிய எழுத்தில் "உள்ளூர்க் கலைஞர்கள் கௌரவிப்பு" என்று ஒரு வரி. ஊரில் கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் அந்த வரிக்குள் அடங்கினார்.

கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு வாகனம், அறை, சாப்பாடு, கைச்செலவு எல்லாம் ஒழுங்கு செய்தோம். அண்ணாவியார் பேரனின் மோட்டார் சைக்கிளில் வந்தார். மேடையில் அவருக்குக் கிடைத்தது வரிசையின் கடைசி நாற்காலி. மற்றவர்களுக்கு மெத்தை நாற்காலி, அவருக்கு பிளாஸ்ரிக். மெத்தை நாற்காலிகள் போதவில்லை என்பது உண்மை. ஆனால் போதாமல் போனபோது யாருக்கு இல்லாமல் போக வேண்டும் என்று எங்கள் கை தானாகவே தெரிந்துவைத்திருந்தது.

முதல் நாள்

மூத்த இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். சினிமாவின் சமூகப் பொறுப்பு, இன்றைய இளைஞர்களின் வாசிப்புக் குறைவு, தன்னுடைய முதல் படத்துக்கு வந்த தடைகள். கெட்ட பேச்சு என்று சொல்ல மாட்டேன். ஒரு பல்கலைக்கழக மண்டபத்தில் அது நல்ல பேச்சு. ஆனால் எங்கள் பிள்ளைகளின் ஒரு படத்தையும் அவர் பார்த்திருக்கவில்லை. நாங்கள் அனுப்பியிருக்கவும் இல்லை. முன்கூட்டியே இணைப்பை அனுப்பி "இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று கேட்கப் பயந்தோம். பெரிய மனுசரைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்று நினைத்தோம். பார்க்காத படத்தைப் பற்றி அவர் என்னத்தைக் கதைப்பார்?

இரவு இரண்டு படம் மட்டும் காட்ட முடிந்தது. பத்து மணிக்கு மண்டபத்தில் எங்கள் குழுவும் காவலாளியும்தான் மிச்சம்.

இரண்டாம் நாள் காலை: அந்தக் கேள்வி

இதை எழுதுவதா விடுவதா என்று கனநாள் யோசித்தேன். சம்பந்தப்பட்ட பிள்ளையிடம் கேட்டேன். எழுதுங்கோ என்றாள்.

புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பிள்ளை, வயது பத்தொன்பது. ஆறு நிமிடப் படம். ஒரு அம்மம்மா தொலைந்துபோன கோழியைப் பின்னேரம் முழுக்கத் தேடுகிறார். வேலிக்குள் குனிகிறார், கிணற்றடியில் நின்று பா, பா, பா என்று கூப்பிடுகிறார். அயல் வீட்டுக்குப் போய்க் கதைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறார். இருட்டுகிறது. கடைசிக் காட்சியில் கூடு மட்டும். கூட்டுக் கதவு திறந்தபடி, அசையாத கமெராவில், கிட்டத்தட்ட ஒரு நிமிடம். கோழி வருகிறதா இல்லையா என்று படம் சொல்லவில்லை. 14 படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

படம் முடிந்து அவள் மைக்கோடு நின்றாள். ஆவணப்பட இயக்குநர் எழும்பி, படம் மனதை உருக்கியது என்றார். பிறகு கேட்டார்: "இறுதி யுத்தத்தில் உங்கள் குடும்பத்தில் யார் யாரை இழந்தீர்கள்?"

மண்டபம் அப்படியே அடங்கிப் போனது. அந்த மண்டபத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீடு இல்லை. அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்தது, சொல் வரவில்லை. அவளுடைய அம்மா முன்னுக்கு வந்து, மைக்கை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

பின்னேரம் புளியமரத்தடியில் அவளைக் கண்டேன். "அண்ணா, அந்தக் கடைசி ஷொட்டை ஏன் அவ்வளவு நேரம் வைச்சனான் எண்டு கேப்பார் எண்டு நினைச்சன். அதுக்கு மறுமொழி யோசிச்சு வைச்சிருந்தனான்" என்றாள்.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவர் மனதில் வன்னி ஒரு காயமாகத்தான் இருந்தது. காயத்தை விசாரிப்பதுதான் அன்பு என்று நம்பி வந்தவர். அடுத்த நாள் அவளிடமும் தாயிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இங்கே ஒரு பிள்ளை கமெராவைத் தூக்குவதே, அந்த ஒரே கேள்விக்கு வெளியே தனக்கு வேறு கதையும் இருக்கிறது என்று சொல்லத்தான். அந்தக் கதை யுத்தத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம். எப்போது, எவ்வளவு, எப்படிச் சொல்வது என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். ஒரு நிமிடம் திறந்து கிடந்த அந்தக் கோழிக்கூட்டில் அவள் அதைத் தீர்மானித்துத்தான் இருந்தாள். பார்த்தவர் ஷொட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் அவளே வேண்டிய அளவு சொல்லியிருப்பாள்.

அமர்வை நெறிப்படுத்தியவன் நான். கேள்வி விழுந்தவுடன் இடையில் புகுந்து, "படத்தைப் பற்றிக் கதைப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். விருந்தினரை எப்படி மறிப்பது என்று தயங்கி நின்றேன். அந்தத் தயக்கத்துக்கு அவள் விலை கொடுத்தாள்.

கரடிப் பொம்மையின் தோல்

இரண்டாம் நாள் பின்னேரம் ஒலிப்பதிவாளரின் அமர்வு. மண்டபத்துக்குள் நாற்காலி போட்டு வைத்திருந்தோம். அவர் வந்து பார்த்துவிட்டு, "உள்ளுக்கு வேண்டாம், வெளியில வாங்கோ" என்றார். ஆவணியில் சோளகம் என்ற தென்மேல் காற்று இன்னும் ஓய்ந்திருக்காது. முதல் நாள் இரவு யன்னலால் வந்த காற்றில் எங்கள் திரைச்சீலை பாய்மரம் மாதிரிப் புடைத்தது. படங்களில் பாதிக்கு மேல் வசனம் காற்றில் அடிபட்டுப் போயிருந்தது. அவர் எல்லாப் படத்தையும் முதல்நாள் இரவே என்னுடைய லப்டொப்பை வாங்கிக் காதுக்கு மாட்டிக் கேட்டிருந்தார். விருந்தினர்களில் 14 படத்தையும் முழுதாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

முதலில் எல்லோரையும் மரத்தடியில் இருத்திக் கண்ணை மூடச் சொன்னார். ஐந்து நிமிடம். என்ன கேட்டது என்று பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். தூரத்தில் லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரம். வீதியால் போன பாண்காரரின் ஓட்டோ இசை. மயில். பனையோலை ஒன்றோடொன்று உரசும் சத்தம். ஒரு தம்பி சொன்னான்: "கிணத்தடியில ஆரோ வாளியை வைக்கினம்." "இதில ஒண்டாவது உங்கட படத்தில இருக்கோ?" என்று கேட்டார். இல்லை. எல்லாப் படத்திலும் இணையத்தில் எடுத்த சோகமான வயலின் இசை இருந்தது.

பிறகு பையிலிருந்து ஒரு பழைய கரடிப் பொம்மையை எடுத்தார். வரும் வழியில் கடையொன்றில் வாங்கியதாம். கத்தரிக்கோலால் அதன் முதுகைக் கிழித்து, பஞ்சை எறிந்துவிட்டு, மயிர் உள்ள துணியில் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, உறை மாதிரித் தைத்தார். சின்ன மைக் ஒன்றில் அதை மாட்டி, போனில் பொருத்தி, காற்றைப் பார்த்துப் பிடித்தார். முதலில் உறை இல்லாமல் பதிந்ததைப் போட்டுக் காட்டினார்: பட பட பட என்று அடிப்பு மட்டும். பிறகு உறையோடு பதிந்தது: காற்று எங்கோ பின்னால் போய், முன்னால் ஒரு பிள்ளையின் குரல் தெளிவாக நின்றது. காற்று நேரடியாக மைக்கின் வாயில் மோதும்போதுதான் அந்த அடிப்பு வருகிறது, நீண்ட மயிர் காற்றின் வேகத்தை உடைத்துவிடும், ஆனால் குரலை விடும் என்று விளங்கப்படுத்தினார்.

அன்று அவர் சொன்னதில் இரண்டு விஷயம் இப்போது எங்கள் பிள்ளைகளின் வாயில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஒன்று, மைக்கைக் கிட்டக் கொண்டு போ. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் காதுக்கு வரும் ஒலியழுத்தம் பாதியாகிவிடும், கமெரா எங்கே நின்றாலும் மைக் வாய்க்குக் கிட்ட நிற்க வேண்டும். மற்றது, எந்த இடத்தில் படம் எடுத்தாலும் வெளிக்கிட முன் எல்லோரும் வாயை மூடி அரை நிமிடம் அந்த இடத்தின் வெறுஞ்சத்தத்தைப் பதிந்துகொள். எடிட்டிங்கில் இரண்டு ஷொட்டுக்கு நடுவில் வரும் ஓட்டையை அடைக்க அது வேண்டும்.

அண்ணாவியார் அப்போது அந்த வழியால் வந்தார். இரவு நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்க்க வந்தவர். ஒலிப்பதிவாளர் எழும்பி நின்று, "ஐயா, மைக் இல்லாத காலத்தில விடிய விடிய எப்படி எல்லாருக்கும் கேக்கப் பாடினனீங்கள்?" என்று கேட்டார். நாங்கள் ஒழுங்கு செய்யாத அந்தச் சந்திப்புத்தான் விழாவின் உச்சம்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலோடு ஒட்டி வளர்ந்த கோவலன் கூத்தைச் சின்ன வயதிலிருந்து ஆடி வந்தவர் அவர். வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும். ஒரு பக்கம் பார்த்துப் பாடினால் மற்றப் பக்கம் கேட்காது. ஆகவே அடியைச் சுழன்று சுழன்று பாடுவது, பிற்பாட்டுக்காரர் வாங்கித் திருப்பிப் பாடும் நேரத்தில் மூச்சை எடுப்பது. மத்தளம் எங்கே ஓங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும். எல்லாவற்றையும் நின்று காட்டினார். அடுத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்: "உங்கட படத்தில எல்லாரும் கத்துறியள் மக்காள். நாங்கள் கத்தினது கடைசி ஆளுக்குக் கேக்க வேணும் எண்டு. உங்களுக்குத்தான் கமெரா மூக்குக்குக் கிட்ட நிக்குதே, பிறகென்ன?"

நடிப்பைப் பற்றி மூன்று நாளில் சொல்லப்பட்டவற்றுள் இதைவிடப் பயனுள்ள ஒன்றை நான் கேட்கவில்லை. பள்ளிக்கூட நாடகத்தின் குரலோடு சினிமாவுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏன் அது பொருந்தாது என்பதை, அந்தக் குரலின் தாய்வீட்டிலிருந்து வந்தவரே சொன்னார்.

வராதவரின் இடத்தில் வந்தவர்

ஞாயிறு காலை பேச வேண்டிய ஒளிப்பதிவாளர் சனி இரவு போன் எடுத்து வரமுடியாது என்றார். அதற்கு முன் இரண்டு தரம் உறுதிப்படுத்தியிருந்தோம். வேறு வழியில்லாமல், கமெரா இரவல் தந்த கடைக்கார அண்ணையைக் கேட்டோம். அவர் கலியாண வீடும் சாமத்திய வீடும் எடுப்பவர். வன்னியில் கமெராவில் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் அந்தத் தொழிலில்தான் நிற்கிறார்கள். இருந்தும் எங்கள் பட்டியலில் அப்படி ஒருவரும் இருக்கவில்லை.

அவர் மேடையில் ஏற மறுத்து, திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஒரு படத்தைப் போடச் சொன்னார், குசினிக் காட்சியில் நிற்பாட்டச் சொன்னார். சுவரில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடின. "இது ஆற்ற பிழை?" என்றார். போன் சரியில்லை என்றான் எடுத்தவன்.

"போன் நல்ல போன் தம்பி. உன்ர குசினியில ரியூப் லைற் எரியுது. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ். லைற் செக்கனுக்கு நூறு தரம் மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது, கமெராவுக்குத் தெரியும். நீ செக்கனுக்கு 30 பிரேமில, ஷட்டரை செக்கன்ர 60 இல ஒண்டில வைச்சு எடுத்திருக்கிறாய். ரெண்டும் ஒத்துப்போகாது. 25 பிரேமுக்கு மாத்து, ஷட்டரை 50 இல ஒண்டில பூட்டு."

அந்த இடத்திலேயே மண்டபத்து ரியூப் லைற்றின் கீழே இரண்டு விதமாகவும் எடுத்துக் காட்டினார். பட்டை போய்விட்டது. மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. மூன்று நாளில் தானாக எழுந்த கைதட்டல் அது ஒன்றுதான்.

அவர் அன்று ஒரு முகூர்த்தத்தை இன்னொருவருக்கு விட்டுக் கொடுத்துவிட்டு வந்தவர் என்பது பிறகுதான் தெரியும். ஆவணி ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் உழைப்பு. கொழும்பு விருந்தினருக்குக் கைச்செலவு கொடுத்த நாங்கள் அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அண்ணாவியாருக்கும் அதேதான். இதை எங்கள் கணக்குக் கூட்டத்தில் நான் எழுப்பியபோது, "ஊர் ஆக்கள் தானே, காசு குடுத்தால் கோவிப்பினம்" என்றார்கள். போய்க் கேட்டேன். ஒருவரும் கோபிக்கவில்லை. பிந்தித்தான், ஆனாலும் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே தொகையைக் கொடுத்தோம்.

மொழி

படத்தொகுப்பாளர் அக்கா சிங்களம் பேசுகிறவர். கொஞ்சம் தமிழ் விளங்கும், கதைக்க வராது. இங்கே அவரை எதற்கு அழைத்தீர்கள் என்று ஊரில் சிலர் கேட்டார்கள். எங்கள் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் பதில் சொன்னார்: சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர், 1977 இல் வந்த 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை இயக்கியவரும் அவர்தான். அதோடு பேச்சு அடங்கியது.

மொழிபெயர்க்க வவுனியாவிலிருந்து ஒரு ஆசிரியை வந்தார். இரண்டு மொழியும் நன்றாகத் தெரியும், சினிமாவின் சொற்கள் தெரியாது. முதல் அரை மணித்தியாலம் திணறினார். பிறகு அக்காவே பேச்சை நிற்பாட்டிவிட்டு, ஒரு பிள்ளையின் லப்டொப்பில் எடிட்டிங்கைத் திறந்து செய்யத் தொடங்கினார். கை செய்வதைப் பார்க்க மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பல படங்களில் போகப் போக உதடும் குரலும் விலகியதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்துத் தந்தவர் அவர்தான். போன் ஒரே வேகத்தில் படம் பிடிப்பதில்லை, வெளிச்சம் குறைந்தால் பிரேம் எண்ணிக்கையும் தளம்பும், எடிட்டிங் மென்பொருள் சில அதைச் சரியாகக் கணக்கெடுக்காது. முதலில் ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு மாறாத பிரேம் வீதத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வெட்டத் தொடங்க வேண்டும். அன்று மாலைக்குள் மூன்று படங்கள் திருத்தப்பட்டன.

கோழிக்கூட்டுப் படத்தையும் அவர் பார்த்தார். கடைசி ஷொட்டில் நிற்பாட்டி, அந்தத் தங்கச்சியைக் கூப்பிட்டு, ஆசிரியை மூலமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன் இங்கே வெட்டவில்லை?"

அவள் பதில் சொல்லத் தொடங்கினாள். ஆசிரியை கொஞ்ச நேரம் மொழிபெயர்த்தார், பிறகு நிற்பாட்டிவிட்டார். நான் வெளியே வந்துவிட்டேன்.

மாற்றியவை

ஞாயிறு பின்னேரம் மேடையிலிருந்து நாற்காலிகளை இறக்கினோம். பாய் விரித்து, எல்லோரும் வட்டமாக இருந்து கடைசி அமர்வை நடத்தினோம். மூத்த இயக்குநரும் வந்து நிலத்தில் இருந்தார். அதற்குள் ஏழு படம் பார்த்திருந்தார். ஒட்டுசுட்டான் பொடியனைத் தேடிக் கேட்டார், அவன் வரவில்லை. அவனுடைய நம்பரை என்னிடம் வாங்கிப் போனில் அரை மணித்தியாலம் கதைத்தார். முதல் நாள் நாற்பது நிமிடப் பேச்சில் வராத ஒன்று அந்த அரை மணித்தியாலத்தில் நடந்தது. அவனுடைய அடுத்த படத்தின் திரைக்கதையை இப்போது அவர்தான் வாசித்துத் திருத்திக் கொடுக்கிறார்.

அடுத்த விழாவுக்கான அழைப்புக் கடிதத்தை எழுதிவிட்டோம். ஒரே பக்கம். படங்களின் இணைப்பு அதோடு போகும். குறைந்தது ஐந்து படமாவது பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நேராகவே கேட்டிருக்கிறோம். திறப்பு விழாவில் எல்லோருக்குமாகச் சேர்த்துப் பதினைந்து நிமிடம், பொன்னாடை இல்லை. படம் எடுத்தவரிடம் படத்தைப் பற்றிக் கேளுங்கள், வாழ்க்கையைப் பற்றி அவரே சொன்னால் மட்டும் கேளுங்கள் என்று ஒரு பந்தி. அந்தப் பந்தியைக் கோழிக்கூட்டுப் படத்தை எடுத்த தங்கச்சிதான் எழுதினாள். கொடுப்பனவு எல்லோருக்கும் ஒன்று. ஊரில் கமெரா, ஒலி, ஒப்பனை, கூத்து என்று தொழில் செய்கிறவர்களில் மூன்று பேருக்காவது தனி அமர்வு.

மொழிபெயர்ப்புத்தான் இன்னும் சரிவரவில்லை. சினிமாவும் தெரிந்து இரண்டு மொழியும் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். மாதத்தையும் மாற்ற யோசனை. சோளகம் அடங்கிய பிறகு, மாரி மழை தொடங்க முன், புரட்டாதியின் கடைசி வாரம். அண்ணாவியார் தனக்கு அந்த வாரம் வசதி என்று சொல்லிவிட்டார். கடைக்கார அண்ணை, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கோ என்றிருக்கிறார். பஞ்சாங்கத்தைப் பார்த்து இந்த வாரம் சொல்ல வேண்டும்.